பசளை வாங்குமுன் மண்ணைக் கேட்போம்

புதிய காணியில் கால் வைக்கும் விவசாயக் குடும்பம் முதலில் விதையைத் தேடுகிறது. அடுத்துப் பசளையைத் தேடுகிறது. அந்தக் காணியின் மண் எப்படிப்பட்டது என்ற கேள்வி பெரும்பாலும் பயிர் மஞ்சளாகி வாடத் தொடங்கிய பின்னரே எழுகிறது. அப்போது பசளைக் கடைக்குக் கொடுக்க வேண்டிய கடன் மாத்திரமே மிஞ்சியிருக்கும்.

பரம்பரையாக ஒரே நிலத்தில் பயிர் செய்தவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. எந்த மூலையில் நீர் தேங்கும், எந்தப் பாத்தியில் கத்தரி வராது என்பதைத் தகப்பனும் பாட்டனும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இடம்பெயரும் குடும்பம் வீட்டையும் நிலத்தையும் இழக்கும்போது, தலைமுறைகளாகச் சேர்த்த இந்த அறிவையும் இழந்து விடுகிறது. அந்த இழப்பில் ஒரு பகுதியை மண் பரிசோதனை ஈடு செய்யும்.

கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் இந்த நிலைமை புதியதல்ல. மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்கள் 1985 இல் திறக்கப்பட்டன. பழைய தெல்தெனிய நகரும் ஆற்றோர வயல்களும் நீரில் மூழ்கின. அங்கிருந்து எழும்பியவர்களில் ஒரு பகுதியினர் வரண்ட வலயத்துக்குச் சென்றனர்; வேறு சிலர் மலைநாட்டிலேயே பழைய தேயிலைக் காணிகளில் குடியேறினர். 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்ற குடும்பங்கள் முற்றிலும் வேறான ஒரு மண்ணைச் சந்தித்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு கொட்டிய மழை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகளைப் பெயர்த்து, பல குடும்பங்களை வீடு தோட்டத்தை விட்டு வெளியேறச் செய்தது. காணிக்குத் திரும்பியவர்களுக்குக் கூட, பழைய மேல்மண் அடித்துச் செல்லப்பட்டோ புதிய சேற்றால் மூடப்பட்டோ இருந்தால், அது புதிய காணிதான்.

கண்டி மண்ணின் குணம்

ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். அதற்கு முன்னர் இம்மலைகளில் கோப்பி இருந்தது. ஒன்றரை நூற்றாண்டாகப் பயிர் சுமந்த மண் இது. கடும் மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிச் சென்றுவிட, தேயிலைக்கு ஆண்டாண்டாக இட்ட அமோனியம் சல்பேற்று போன்ற பசளைகள் மண்ணின் புளிப்பை மேலும் கூட்டின.

இந்தப் புளிப்பையே அமிலத்தன்மை என்கிறோம். அதனை அளக்கும் அளவுகோல் பீ.எச். பெறுமானம். டென்மார்க் நாட்டு இரசாயன அறிஞர் சோரன்சென் 1909 இல் இதனை வகுத்தார். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. ஆகவே பீ.எச். 4.5 உள்ள மண், 6.5 உள்ள மண்ணைவிட நூறு மடங்கு அமிலமானது.

தேயிலை 4.5 க்கும் 5.5 க்கும் இடையில் மகிழ்ச்சியாக வளரும். போஞ்சி, கோவா, பீட்ரூட், தக்காளி ஆகியவற்றுக்குப் பொதுவாக 5.5 க்கும் 6.5 க்கும் இடையில் இருப்பது நல்லது. மண் அதைவிடப் புளித்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கருக்குகிறது. நாம் இடும் பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து, வேருக்கு எட்டாமல் போகிறது. தேயிலை பிடுங்கிய காணியில் கோவா நட்டவர், பயிர் குறண்டிப் போவதைக் கண்டு இன்னொரு பை பசளை வாங்குகிறார். அங்கே குறைந்திருப்பது பசளையாக இல்லாமல் இருக்கலாம். மண்ணின் புளிப்பை முதலில் குறைக்க வேண்டியிருக்கலாம். எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை அந்த ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் அதன் பின்னர் விலை ஏறிய வேகத்தை எந்த விவசாயியும் மறக்க மாட்டார். தேவையில்லாத ஒரு பை பசளையை வாங்குவது இன்று பிள்ளையின் பாடசாலைச் செலவில் கை வைப்பதாகும்.

ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே தண்ணீரில் ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். மண்ணுக்குப் பொருந்தாது. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் அரை அடி மண் ஏறக்குறைய எட்டு இலட்சம் கிலோ எடை உடையது. அதிலிருந்து நாம் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது அரைக் கிலோ. ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் எடுப்பதோ சில கிராம் மாத்திரமே. அந்தச் சில கிராம் முழு ஏக்கருக்காகவும் பேச வேண்டும். ஆய்வுகூடக் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், மாதிரி பிழையானால் விடையும் பிழைதான். எனவே பரிசோதனையின் முதற் பாதி விவசாயியின் கையில் நடக்கிறது.

எப்போது எடுப்பது?

அறுவடை முடிந்து, அடுத்த போகத்துக்குப் பசளையோ சுண்ணாம்போ இடுவதற்கு முன்னர் எடுப்பதே சிறந்தது. பசளை இட்ட சூட்டோடு எடுத்தால் அண்மையில் இட்ட பசளையையே ஆய்வுகூடம் அளக்கும். மழை பெய்து சேறாகியிருக்கும் வேளையையும் தவிர்த்துக் கொள்ளுங்கள். முடிவு கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், நடுகைக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்னரே ஆயத்தமாவது நல்லது.

காணியைப் பிரித்துப் பாருங்கள்

காணி முழுவதும் ஒரே மாதிரி இராது. மேட்டு நிலம் ஒன்று, பள்ளம் ஒன்று, பழைய தேயிலை நின்ற இடம் ஒன்று, வீட்டுத் தோட்டம் ஒன்று என மண்ணின் நிறம், சரிவு, முன்னர் நின்ற பயிர் ஆகியவற்றைக் கொண்டு பிரித்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி மாதிரி தேவை. கால் ஏக்கர் காணியானாலும் மேலே சிவந்த மண்ணும் கீழே கரிய மண்ணும் இருந்தால் இரண்டு மாதிரிகள்தான்.

மண்சரிவு சேறு வந்து படிந்த காணியில் சேற்றை ஒரு மாதிரியாகவும் அதன் கீழுள்ள பழைய மண்ணை வேறொரு மாதிரியாகவும் எடுங்கள். மலையின் ஆழத்திலிருந்து வந்த மண்ணில் சேதனப் பொருள் மிகக் குறைவாக இருக்கும். பழைய மண்ணுக்குரிய பசளை அளவு அதற்குப் பொருந்தாது.

மாதிரி எடுக்கும் முறை

தேவையானவை: சுத்தமான மண்வெட்டி அல்லது கரண்டி, பிளாஸ்டிக் வாளி, பழைய பத்திரிகைத் தாள், புதிய பொலித்தீன் பை, பென்சில்.

1. ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் மறுக்குமாக நடந்து, 10 முதல் 15 இடங்களைத் தெரிவு செய்யுங்கள். வரப்பு, பாதையோரம், மாட்டுக் கொட்டில் அருகு, எருக் குவியல் இருந்த இடம், குப்பை எரித்த இடம், பெரிய மரத்தின் அடி ஆகியவற்றை விலக்குங்கள்.

2. மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் அகற்றுங்கள். மேல்மண்ணைச் சுரண்டி எறிய வேண்டாம்.

3. அரை அடி, அதாவது 15 சென்ரி மீற்றர் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் குழி வெட்டுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து அடிவரை ஓர் அங்குலத் தடிப்பில் ஒரு சீவல் எடுத்து வாளியில் இடுங்கள். மரக்கறிக்கும் நெல்லுக்கும் இந்த ஆழம் போதும். மிளகு, கராம்பு போன்ற நீண்டகாலப் பயிருக்கு இன்னும் ஆழமாக எடுக்க வேண்டியிருப்பதால், ஆழத்தை உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டறியுங்கள்.

4. எல்லா இடத்து மண்ணையும் வாளியில் கட்டியுடைத்து, கல், வேர் ஆகியவற்றைப் பொறுக்கி நன்றாகக் கலக்குங்கள்.

5. கலந்த மண்ணைத் தாளில் வட்டமாகப் பரப்பி, நான்கு பங்காகப் பிரியுங்கள். எதிரெதிரான இரு பங்குகளை அகற்றி, மிஞ்சியதை மீண்டும் கலந்து நான்காக்குங்கள். அரைக் கிலோ அளவு வரும்வரை இப்படியே செய்யுங்கள்.

6. நிழலில் தாளின் மேல் காயவிடுங்கள். வெயிலிலோ அடுப்பிலோ வைக்க வேண்டாம். பசளைப் பையை விரித்து அதில் காயப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தப் பையில் ஒட்டியிருக்கும் சிறு தூளே முடிவை மாற்றிவிடும்.

7. காய்ந்த மண்ணைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். பெயர், கிராம அலுவலர் பிரிவு, காணியின் எப்பகுதி, எடுத்த திகதி, முன்னர் நின்ற பயிர், அடுத்து நடவுள்ள பயிர், கடைசியாக இட்ட பசளை ஆகியவற்றைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் கரையும். அந்தத் தாளை வேறொரு சிறு பையில் இட்டு, மண் பையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

மாதிரி எடுக்கும்போது வெற்றிலை போடுவதை நிறுத்தி வையுங்கள். விரலில் உள்ள சுண்ணாம்பு மண்ணில் பட்டால் பீ.எச். உயர்ந்து காட்டும். அடுப்புச் சாம்பலும் அப்படியே.

பாதுகாப்பு முக்கியம்

மண் எடுப்பது சிறிய வேலைதான். ஆனாலும் சில அபாயங்கள் உண்டு.

மலைச்சரிவில் நிலம் வெடித்திருந்தாலோ, மரங்கள் சாய்ந்திருந்தாலோ, புதிதாக ஊற்றுக் கிளம்பிக் கலங்கல் நீர் வந்தாலோ அங்கே ஏறவும் தோண்டவும் வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் மாதிரி காத்திருக்கட்டும். ஆபத்தான அறிகுறிகளைக் கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

வயலிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். 2008 இல் இந்நோய் நாட்டில் பெருமளவில் பரவியது. கால் கையில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். இறங்க வேண்டியவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு தசைநோவு கண்டால், சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

பூச்சிகொல்லி தெளித்த தோட்டத்தில் அதன் லேபலில் உள்ள காலம் கழியும்வரை மாதிரி எடுக்க வேண்டாம். மருந்துப் போத்தலையோ மருந்து கலக்கிய வாளியையோ ஒருபோதும் பாவிக்காதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவிய பின்னரே உணவைத் தொடுங்கள்.

வடக்கில் சொந்தக் காணிக்குத் திரும்ப ஆயத்தமாகும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை: கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத நிலத்தில் அரை அடி கூடத் தோண்டக் கூடாது. எச்சரிக்கைப் பலகை விழுந்து போயிருக்கலாம். பிரதேச செயலகத்தில் கேட்டறிந்த பின்னரே மண்வெட்டியை எடுங்கள்.

எங்கே கொடுப்பது?

நாட்டின் விவசாய ஆராய்ச்சியின் மையம் எமக்கு அருகிலேயே இருக்கிறது. தோட்டக்கலைப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிறுவகம் பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில், கன்னொறுவையில் உள்ளது. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில். தேயிலைக் காணியைத் தேயிலையாகவே வைத்திருப்போர், தலவாக்கலையைத் தலைமையாகக் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஹந்தானை நிலையத்தை நாடலாம். மிளகு, கராம்பு செய்வோருக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழையுங்கள். கட்டணம், மாதிரி ஏற்கும் நாள் ஆகியவற்றை முதலிலேயே கேட்டுக் கொண்டால் பஸ் செலவு வீணாகாது. ஒரு குடியேற்றத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் மாதிரிகளை ஒருவரே கொண்டு செல்லலாம்.

இரசாயன வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்

ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது? காய்ந்த மண்ணைச் சலித்து, நீரோடு கலக்கி, பீ.எச். மானியால் அமிலத்தை அளக்கிறார்கள். பொசுபரசை அறிய, சோடியம் இருகாபனேற்றுக் கரைசலில் மண்ணைக் குலுக்கி வடித்து, மொலிப்டேற்றுச் சேர்க்கிறார்கள். நீல நிறம் எழுகிறது. நீலம் கடுமையானால் பொசுபரசு அதிகம். இது 1954 இல் அமெரிக்காவில் ஓல்சனும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட முறையாகும். சேதனப் பொருளை அளக்கும் 1934 ஆம் ஆண்டின் வோக்லி–பிளாக் முறையில் செறிந்த சல்பூரிக்கமிலமும் பொற்றாசியம் இருகுரோமேற்றும் பயன்படுகின்றன. முன்னையது தோலைச் சுட்டெரிக்கும்; பின்னையது புற்றுநோய் தரும் நஞ்சு. பயிற்சி பெற்றவர்கள் கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யும் வேலை இது. பாடசாலைப் பிள்ளைகள் ஆர்வத்தால் முயலாதபடி பார்த்துக் கொள்ளுங்கள்.

பீ.எச். ஐ மாத்திரம் ஓரளவு அறிய வேண்டுமானால், ஒரு பங்கு காய்ந்த மண்ணை இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பீ.எச். தாளை நனைத்து நிறத்தைப் பார்க்கலாம். அதற்காக பற்றரிக் கடையில் தண்ணீர் வாங்குவோர் மிகக் கவனம்: பற்றரிக்கு ஊற்றும் நீரும் பற்றரி அமிலமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முத்திரை உடையாத, லேபல் உள்ள போத்தலையே வாங்குங்கள். தாள் காட்டுவது வழிகாட்டல் மாத்திரமே. அதைக் கொண்டு சுண்ணாம்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டாம்.

முடிவை எப்படிப் பார்ப்பது?

முடிவுத் தாளில் முதலில் பீ.எச். ஐப் பாருங்கள். அது சரியில்லாவிட்டால் மற்றச் செலவுகள் பெரும்பாலும் வீண். அடுத்துப் பொசுபரசு, பொற்றாசியம், சேதனப் பொருள். நைதரசன் மழையோடு ஓடி மாறிக் கொண்டிருப்பதால், சேதனப் பொருளையும் பயிரையும் பார்த்தே அதன் அளவைச் சொல்வார்கள்.

‘அதிகம்’ என்ற சொல்லும் ‘குறைவு’ என்ற சொல்லைப் போலவே பயனுள்ளது. மலைநாட்டில் நீண்டகாலமாக மரக்கறி செய்த பல தோட்டங்களில் பசளையாலும் கோழி எருவாலும் பொசுபரசு தேங்கிக் கிடக்கிறது. அத்தகைய காணியில் முச்சுப்பர் பொஸ்பேற்றைக் குறைத்தாலும் விளைச்சல் குறையாது, பணம் மிஞ்சும். மிதமிஞ்சிய பொசுபரசு மண்ணோடு கழுவுண்டு ஆற்றைச் சேர்கிறது. 1999 மே மாதத்தில் கண்டி வாவியில் நீலப்பச்சைப் பாசி மூடியதை நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்தது நகரத்துக் கழிவு. பாசிக்கு உணவான சத்துக்களோ பசளையில் உள்ளவைதான்.

சாதாரண வளப் பரிசோதனை ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களைக் காட்டாது. கொஹாகொடைக் குப்பை மேடு போன்ற இடங்களுக்கு அருகிலோ, பழைய கராஜ், பற்றரித் திருத்துமிடம் இருந்த காணியிலோ கீரை, கிழங்கு செய்வோர் அதனை ஆய்வுகூடத்தில் சொல்லி, அதற்கான தனிப் பரிசோதனையைக் கேளுங்கள்.

சுண்ணாம்பும் காணி உரிமையும்

அமில மண்ணுக்கு டொலமைற் இடச் சொல்வார்கள். திகனைப் பக்கத்துப் பாறையிலிருந்தே இது கிடைக்கிறது. சுண்ணாம்புச் சத்தோடு மக்னீசியமும் இதில் உண்டு. நடுகைக்குச் சில வாரங்களுக்கு முன்னர் மண்ணோடு கலக்க வேண்டும். யூரியாவோடு சேர்த்து இட்டால் நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். அளவு முடிவுத் தாளில் உள்ளபடியே இருக்கட்டும். கூடினால் நுண்சத்துக்கள் வேருக்குக் கிடைக்காமல் போகும். தேயிலை நிற்கும் இடத்தில் மரக்கறிக்குரிய அளவை இடக் கூடாது.

இங்கே இடம்பெயர்ந்தோருக்கு ஒரு சங்கடம் உண்டு. டொலமைற்றின் பயன் ஒரு போகத்தில் முடிவதில்லை. சில ஆண்டுகள் நிற்கும். ஓராண்டுக் குத்தகைக் காணியில் முழுச் செலவையும் நாம் செய்தால், பலனை அடுத்தவர் எடுப்பார். ஆகவே செலவு செய்யுமுன் முடிவுத் தாளைக் காணிக்காரரிடம் காட்டி, ஒன்றில் குத்தகைக் காலத்தை நீட்டவோ, அல்லது டொலமைற் செலவில் பங்கெடுக்கவோ கேளுங்கள்; இணங்கினால் எழுத்தில் பெறுங்கள். இணங்காவிட்டால், அமிலத்தைத் தாங்கும் வற்றாளை, மரவள்ளி, அன்னாசி போன்ற பயிர்களைப் போதனாசிரியரோடு கலந்து தெரிவு செய்யலாம். மண் பரிசோதனைத் தாள் காணி உறுதியாகாது. ஆயினும் பேச உட்காரும்போது கையில் ஒரு சான்று இருப்பது வெறுங்கையோடு பேசுவதைவிட மேலானது.

முடிவுத் தாளைக் காணிப் பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் பையிலேயே பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு போகத்திலும் என்ன இட்டீர்கள், என்ன அறுத்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே முறையில், அதே பகுதியிலிருந்து மீண்டும் மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கொப்பி பிள்ளைகளின் கைக்குப் போகும்போது, இந்தக் காணியின் மண்ணைப் பற்றி அவர்கள் முதலிலிருந்து கற்க வேண்டியிராது.